கெட்டிச் சாணம்

பிறந்து நான்காம் நாள்
வால் நனைந்திருந்தது.
வைக்கோலைத் தள்ளிப் பார்த்தேன்:
மஞ்சளும் வெள்ளையுமாய்த் தண்ணீர்,
புளித்த மோர் நெடி.

கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டேன்.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு,
அதுவரை கூடாரம்போல் நின்றது தோல்.
திரும்பிப் படிய அதற்கு அவசரமில்லை.
கண்ணுக்கும் இமைக்கும் நடுவே
சுண்டுவிரல் நுழையும் பள்ளம்.

எக்கிவில் சரிவில் பெப்ரவரி.
தொழுவத்துக் குழாய் உறைந்து
குசினியிலிருந்து வாளி வாளியாய் வெந்நீர்.
நிக்லவுஸ் கதவில் சாய்ந்து கணக்குச் சொன்னான்:
மிருக வைத்தியர் மலையேறி வந்தால்
நூற்றெண்பது பிராங்க்.
நாம்பன் கன்று, வியாபாரி தருவது எண்பது.
"நீயே பார். முதலில் பாலை நிறுத்து."
பனி அள்ளும் மண்வெட்டியோடு போய்விட்டான்.
அவன் கணக்கில் பிழையில்லை.
பத்து வருடம் பேரேடு எழுதியவள் நான்,
எனக்குத் தெரியும்.

பாலை நிறுத்தவில்லை.
ஒரு வேளை பால், ஒரு வேளை உப்புநீர்.
உப்பு, சோடா மாவு, குளுக்கோஸ்,
கன்றின் உடம்புச் சூட்டுக்கு ஆற்றி.
வாய்க்குள் விரல் வைத்தேன்.
நாக்கு விரலை அறியவில்லை.
நேற்றைய ஈரத்துணிக்குள்
கைவிட்டதுபோல் இருந்தது.

குழாய் செருகத்தான் வேண்டும்.
அவன் தலை என் முழங்கால்களுக்கு நடுவே.
விழுங்கும்வரை பொறுத்து,
கழுத்தின் இடப்பக்கம் அந்த உருண்டை
இறங்குகிறதா, இறங்குகிறதா என்று
தொட்டுத் தொட்டுப் பார்த்து.
வழி தவறினால்
நெஞ்சுக்குள் வெள்ளம்.

அந்த வாரம்தான்
மகள் ஆரபி கணிதத்தில் தவறினாள்.
கழிச்சலுக்கும் தேர்வில் தவறுவதற்கும்
இந்த நாட்டில் ஒரே சொல்:
ஊடே விழுதல்.
போனில் அவள் அதைச் சொன்னபோது
என் முழங்கைவரை அதுவே வடிந்துகொண்டிருந்தது.
சிரித்துவிட்டேன்.
அவள் வைத்துவிட்டாள்.

பதினொன்றுக்கு. இரண்டுக்கு. ஐந்துக்கு.
என் பழைய கம்பளிச் சட்டையின் கைகளில்
அவன் முன்னங்கால்களை நுழைத்து
பொத்தான்களை முதுகில் பூட்டினேன்.
தடுப்புக்கு அப்பால் என்ட்சியான் அசைபோட்டாள்.
சீம்பால் கொடுத்த கையோடு பிரித்திருந்தோம்;
அவள் அவனை மறந்தாளா
இல்லை என்னை நம்பினாளா, தெரியாது.
மாட்டின் முகத்தில் எதையும் வாசிக்கலாம்,
அதனால் நான் வாசிப்பதில்லை.

இரண்டாம் இரவு, இரண்டு மணிக்கு
எனக்கு முன்பே யாரோ
வைக்கோல் மாற்றியிருந்தார்கள்.
காலுறைக்குள் திணித்த வெந்நீர்ப் போத்தல் ஒன்று
கன்றின் வயிற்றோடு.
பனியில் பெரிய பூட்ஸ் தடம், வீட்டுவரை.
குழாய் இளகிற்றா பார்க்கப் போனேன் என்றான்
காலையில் நிக்லவுஸ்.
நான் கேட்கவே இல்லை.
அவன் கால்களில்
ஒன்று சாம்பல் காலுறை, ஒன்று பச்சை.

மூன்றாம் நாள் விரலைச் சப்பினான்.
பலமில்லை, ஆனால் சப்பினான்.
நான்காம் நாள் வாளியை முட்டிக் கவிழ்த்தான்,
உப்புநீர் முழுதும் என் பூட்ஸுக்குள்.
ஏசினேன், நல்ல தமிழில், வாய் நிறைய.
ஆறாம் நாள் விடியலில்
வைக்கோல்மேல் மடிப்பு மடிப்பாய்
களிபோல் உட்கார்ந்திருந்தது சாணம்.
கத்திக் கூப்பிட்டேன் நிக்லவுஸை.
இருவரும் குனிந்து நின்றோம்,
நகைக்கடைக் கண்ணாடிக்கு வெளியே
விலை கேட்கத் துணியாதவர்கள்போல.
படமெடுத்து ஆரபிக்கு அனுப்பினேன்.
"சீ" என்று வந்தது பதில்.
கொஞ்சம் கழித்து இன்னொன்று:
"திரும்ப ஜூனில் எழுதலாமாம்."

மார்ச் கடைசியில் வியாபாரியின் லொறி வரும்.
காதுத் தோட்டின் எண்
அவன் தாளில் ஏற்கெனவே ஏறிவிட்டது.
சட்டையைக் கழற்றித் துவைத்தேன்,
இரண்டு முறை. மணம் போகவில்லை.
கொடியில் போடும்போது பார்த்தால்
மேலிருந்து மூன்றாவது
பொத்தானைக் காணோம்.
தின்றிருப்பான்.